ஆயத்துறை மேசையும் என் கல்லாவும்: கரவாஜியோவின் ‘மத்தேயுவின் அழைப்பு’ ஓவியத்தைப் படியெடுத்துக் கற்றது

மலர்க் குழு அன்பர்கள் இந்த ஆண்டும் என்னிடம் கட்டுரை கேட்டார்கள். வழக்கம்போல் சிந்தாமணியைப் பற்றியோ, வந்தவாசிப் பக்கத்துச் சமணக் கோயில்களைப் பற்றியோ எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். இம்முறை தடம் மாறிவிட்டேன். நானூறு வருஷத்துக்கு முன்னால் ரோம் நகரத்தில் வரையப்பட்ட ஒரு கிறிஸ்தவ ஓவியத்தைப் பற்றி எழுதப் போகிறேன். எழுதுகிறவன் ஓவியன் அல்ல. கொல்கத்தா பராபஜாரில் நாற்பது வருஷத்துக்கு மேலாகக் காகிதமும் கணக்குப் புத்தகமும் விற்கிற வியாபாரி. கல்லூரிப் படிப்பு கிடையாது. படித்ததெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து படித்ததுதான். ஆனால் அந்த ஓவியத்தைக் கட்டம் போட்டு, எண்ணெய் வண்ணத்தில், பதினாலு மாதம் உட்கார்ந்து படியெடுத்திருக்கிறேன். ஒரு படத்தைப் பார்த்துவிட்டுப் பேசுவதற்கும் படியெடுத்துவிட்டுப் பேசுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்த செய்தி.

ஓவியமும் அது இருக்கும் இடமும்

ஓவியத்தின் பெயர் ‘மத்தேயுவின் அழைப்பு’. வரைந்தவர் கரவாஜியோ (1571–1610). காலம் 1599–1600. அகலம் 340 சென்டிமீட்டர், உயரம் 322. ஏறக்குறைய சதுரம், சாதாரண வீட்டுச் சுவர் முழுவதையும் அடைத்துக்கொள்ளும். ரோமில் சான் லூயிஜி தேய் பிரான்செசி என்ற தேவாலயத்தில், கோன்டரெல்லி சிற்றாலயத்தின் இடது சுவரில் இருக்கிறது.

இந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இது ரோமில் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர்களின் கோயில். 1589-இல் அர்ச்சிக்கப்பட்டது. பிழைக்கப் போன ஊரில் தங்களுக்கென்று ஒரு கூடுமிடம் கட்டிக்கொள்வது நமக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை பாருங்கள். சிற்றாலயத்துக்குப் பணம் வைத்தவர் மாத்தியூ குவாந்த்ரெல் என்ற பிரெஞ்சுக்காரர், கர்தினால் பதவி வரை போனவர். ரோம் வாசிகளின் நாக்குக்கு வசதியாக ‘மத்தேயோ கோன்டரெல்லி’ ஆகிவிட்டார். நம் பெயர்கள் இந்த ஊர் ரேஷன் கார்டில் என்ன பாடு படுகின்றன என்பதை நினைத்துக்கொள்ளலாம். அவர் 1585-இல் இறந்துபோனார். தம் பெயர்கொண்ட புனிதர் மத்தேயுவின் கதையைச் சிற்றாலயத்தில் எழுத வேண்டும் என்ற ஆசை மட்டும் மிச்சம் நின்றது. கடைசியில் 1599-இல் அந்த வேலை கரவாஜியோவிடம் வந்தது. பக்கச் சுவர் ஓவியங்கள் இரண்டுக்கும் சேர்த்து 400 ஸ்கூடி கூலி. அவருக்குக் கிடைத்த முதல் பெரிய பொதுவேலை அது.

கதை சின்னது. மத்தேயு வரி வசூலிக்கிறவர். நம் தமிழ் விவிலியத்தின் பழைய வழக்கில் ஆயக்காரர். ஆயத்துறையில் உட்கார்ந்திருக்கிறார். இயேசு அந்த வழியாகப் போகிறார். ‘என் பின்னே வா’ என்கிறார். அவர் எழுந்து பின்னே போகிறார். அவ்வளவுதான்.

கரவாஜியோ இதை எப்படி எழுதியிருக்கிறார்? இருட்டான ஓர் அறை. இடப்பக்கம் ஒரு மேசை, அதைச் சுற்றி ஐந்து பேர். கோடியில் ஓர் இளைஞன், தலை குனிந்து காசு எண்ணுகிறான். அவன் பக்கத்தில் மூக்குக்கண்ணாடியைப் பிடித்தபடி குனிந்து காசைப் பார்க்கும் கிழவர். நடுவில் தாடிக்காரர், ‘யார், நானா?’ என்பதுபோல் விரலை நீட்டியிருக்கிறார். அவர்மேல் சாய்ந்தபடி இறகு செருகிய தொப்பியுடன் ஒரு பையன். நமக்கு முதுகு காட்டி, இடுப்பில் வாளோடு இன்னொருவன். வலப்பக்கம், கிட்டத்தட்ட இருளுக்குள், இயேசுவும் பேதுருவும். இயேசு கை நீட்டியிருக்கிறார். அவர் தலைக்கு மேலாக ஒரு வெளிச்சம் சுவரில் சாய்வாக விழுகிறது. எல்லாரும் கரவாஜியோ காலத்து ரோம் உடையில் இருக்கிறார்கள். இயேசுவும் பேதுருவும் மட்டும் பழைய அங்கியில், வெறுங்காலோடு.

இந்தப் பாணியைப் பரோக் என்கிறார்கள். 1563-இல் முடிந்த திரெந்து சங்கத்துக்குப் பிறகு கத்தோலிக்கத் திருச்சபை, படிப்பறியாத ஜனங்களின் நெஞ்சிலும் நேரடியாகத் தைக்கிற ஓவியங்களை விரும்பியது. அந்தத் தேவையிலிருந்து பிறந்தது இந்தப் பாணி. வெளிச்சமும் இருளும் மோதுவதும், நடந்துகொண்டிருக்கும் ஒரு கணத்தைப் பிடித்து நிறுத்துவதும் இதன் இலட்சணம்.

நான் இதை நேரில் பார்த்தது 2014-இல், ஒரு சுற்றுலாக் குழுவோடு. இருபது நிமிஷம் கொடுத்தார்கள். சிற்றாலயம் இருட்டாக இருந்தது. பக்கத்தில் ஒரு பெட்டி. அதில் காசு போட்டால் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். நான் மூன்று முறை போட்டேன். மூன்றாவது முறை விளக்கு அணைந்தபோது, காசு எண்ணுகிறவர்களின் படத்தைப் பார்க்கவும் காசு எண்ண வேண்டியிருக்கிறதே என்று சிரிப்பு வந்தது. ஓட்டலுக்கு வந்தபிறகு சிரிப்பு போய்விட்டது. குனிந்து எண்ணுகிற அந்தப் பையனின் தலை கண்ணை விட்டுப் போகவில்லை.

‘படி’ என்ற சொல்

தமிழில் ‘படி’ என்றால் வாசி. ‘படி’ என்றால் நகல். ‘படி’ என்றால் ஏறுவதற்கான கல். மூன்றும் ஒரே சொல்லில் சேர்ந்திருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் ஏடு எழுதிய நம் முன்னோர்களுக்கு மூன்றும் ஒரே வேலையாகத்தான் இருந்தன.

எங்கள் சமயத்தில் சாத்திரதானம் பெரிய புண்ணியம். நூலைப் படியெடுத்துக் கொடுப்பதுதான் அந்தத் தானம். பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் அத்திமப்பே என்ற சமணப் பெண்மணி, பொன்னரின் சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்துக் கொடுத்தார் என்பது வரலாறு. அச்சு வராத காலத்தில் ஆயிரம் படி! எங்கள் தாத்தா வீட்டிலும் ஒரு மரப்பெட்டி நிறைய ஏடுகள் இருந்தன. ‘எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்’ என்று பழமொழி ஒன்று உண்டு. ஏடு எழுதுகிறவன் எங்கே தவறு செய்கிறான் தெரியுமா? புரியாத இடத்தில் மட்டும் இல்லை; புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிற இடத்திலும்தான். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல படிகளை ஒப்பிட்டுப் பார்த்ததும், கும்பகோணத்துச் சமண அன்பர்களிடம் பொருள் கேட்டதும் இந்தக் காரணத்தால்தான்.

மேல்நாட்டு ஓவியர்களுக்கும் இதுவே பள்ளிக்கூடம். கரவாஜியோவின் ‘கல்லறைக்கு எடுத்துச்செல்லல்’ ஓவியத்தை ரூபன்ஸ் படியெடுத்தார். அந்தப் படி இன்று கனடாவின் ஒட்டாவாவில் இருக்கிறது. அது அச்சு அசல் நகல் அல்ல. ஆட்களின் நிலையை மாற்றி எழுதியிருக்கிறார். ஏட்டுக்காரர் மொழியில் சொன்னால், அது பாடபேதம். இருநூற்றைம்பது வருஷம் கழித்து வந்த செசானும் அதே ஓவியத்தை நீர்வண்ணத்தில் படியெடுத்தார். பாரிஸில் லூவர் அருங்காட்சியகம் 1793-இல் திறந்த காலத்திலிருந்தே படியெடுப்பவர்களுக்கு அங்கே இடம் கொடுத்தார்கள். பெரிய ஓவியர்களே பிறர் படத்தின் முன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவர்கள்தான்.

“நம்ம சாமி இருக்கறப்ப இது எதுக்கு?” என்று எங்கள் சமூகத்துப் பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். குஜராத்தில் பாடன், ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் ஊர்களின் சமண நூலகங்கள் பௌத்த நூல்களையும் ஏட்டில் காப்பாற்றி வைத்திருந்தன. எதிர்த்து வாதாட வேண்டிய நூலையும் பிழையில்லாமல் படியெடுத்தார்கள். படியெடுப்பது வழிபாடு ஆகாது. அடுத்தவன் சொல்லை அவன் சொன்னபடி கேட்பது. அதற்கு மேல் அவரிடம் நான் வாதாடவில்லை.

பன்றிமயிரும் எலும்புக் கரியும்

ஆயில் பெயின்டிங் கற்க 2018-இல் சேர்ந்தேன். ஆசிரியர் ஓய்வுபெற்ற வங்காளி டிராயிங் மாஸ்டர். எல்லாரும் மாஸ்டர் மொஷாய் என்போம். முதல் நாளே ஒரு சங்கடம் வந்தது. அவர் கொடுத்த பிரஷ் பன்றிமயிர். கேன்வாஸில் பூசும் பழைய பசை முயல்தோலைக் காய்ச்சி எடுப்பது. ‘ஐவரி பிளாக்’ என்று விற்கிற கறுப்பு எலும்பைக் கரித்துச் செய்வது. பழைய சிவப்புச் சாயம் ஒன்று பூச்சியிலிருந்து வருவது. கொல்லாமையை முதல் விரதமாகச் சொல்கிற வீட்டில் பிறந்தவன் இதையெல்லாம் எப்படித் தொடுவது? அன்று பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் மாஸ்டரே வழி சொன்னார். நைலான் பிரஷ், அக்ரிலிக் பூசிய ரெடிமேட் கேன்வாஸ், எலும்புக் கறுப்புக்குப் பதில் இரும்பு ஆக்சைடால் செய்த மார்ஸ் பிளாக். கரவாஜியோ காலத்து ஈய வெள்ளை விஷம் என்பதால் அதையும் விட்டு டைட்டானியம் ஒயிட். இவற்றால் இழப்பு இல்லாமல் இல்லை. ஈய வெள்ளையில் ஓர் இளஞ்சூடு உண்டு. டைட்டானியம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி குளிர்ந்த வெள்ளை. தோல் நிறத்துக்கு அதில் கொஞ்சம் யெல்லோ ஓக்கர் கலந்தே ஆகவேண்டும். நைலான் பிரஷ் வழவழவென்று போகும். பன்றிமயிர் பிரஷ் போல வண்ணத்தில் கோடு விழாது. ஆனால் கரவாஜியோவின் மேற்பரப்பே மழமழப்பானது, ஆகையால் இது எனக்கு அதிர்ஷ்டமாகப் போயிற்று.

இன்னொரு முள்ளும் இருந்தது. இந்த ஓவியர் 1606-ஆம் வருஷம் மே மாதம் ரோமில் ஒரு சண்டையில் ஒருவரைக் கொன்றுவிட்டு ஊரைவிட்டு ஓடியவர். நாலு வருஷம் அங்கும் இங்கும் அலைந்து 38 வயதில் செத்தார். பிரஷ்ஷில் ஒட்டிய ஹிம்சையை மாற்றிவிட்டேன். வரைந்த கையில் ஒட்டியதை என்ன செய்வது? நான் கண்டுகொண்டது இவ்வளவுதான்: இந்தப் படத்தில் ஒருவன் வாள் வைத்திருக்கிறான், யாரும் அதை உருவவில்லை. அந்தக் கணத்தில் உருவத் தேவையும் இல்லை. அப்படி ஒரு கணம் உண்டு என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் வாழ முடியாமல் போனது அவர் வினை. வேலையைத் தொடர்ந்தேன்.

வெறும் சுவர்

34 அங்குல அகலம், 32 அங்குல உயரத்துக்கு ஒரு கேன்வாஸ் எடுத்தேன். மூலத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. இரண்டு அங்குலக் கட்டமாகப் போட்டால் பதினேழுக்குப் பதினாறு, மொத்தம் 272 கட்டம். கட்டம் போட்டு முடித்ததுமே முதல் ஆச்சரியம். படத்தின் மேல்பாதியில் ஏறக்குறைய ஆளே கிடையாது! வெறும் சுவர், ஒரு சன்னல். இதை ரோமிலும் பார்த்தேன், புத்தகத்திலும் நூறு தடவை பார்த்தேன். கண்ணில் படவே இல்லை. கட்டத்தை எண்ணினபோதுதான் தெரிந்தது. வியாபாரி அல்லவா, எண்ணினால்தான் புத்தி வருகிறது.

சுவர்தானே, இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஐந்து வாரம் ஆயிற்று. கரவாஜியோ வெள்ளைக் கேன்வாஸில் தொடங்குவதில்லை. முதலில் முழுப் பரப்புக்கும் பழுப்பு அடிப்பூச்சு. பிறகு வெளிச்சம் படுகிற இடங்களை மட்டும் அதிலிருந்து வெளியே இழுக்கிறார். நிழல் பல இடங்களில் அந்த அடிப்பூச்சேதான். அதாவது இருட்டு அவர் பூசியது இல்லை, விட்டுவைத்தது. நானோ கறுப்பைக் கொண்டுபோய்ப் பூசினேன். படம் செத்துப் போயிற்று. மாஸ்டர் வந்து பார்த்து, “நயினார் பாபு, இது இருட்டு இல்லை, தார்” என்றார். துடைத்துவிட்டு மறுபடி பர்ன்ட் அம்பரால் மெல்லிசாக அடிப்பூச்சு போட்டேன்.

அப்போது எண்ணெய் வண்ணத்தின் இலக்கணமும் கொஞ்சம் பிடிபட்டது. ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு இறுகுகிறது. அம்பரில் மாங்கனீசு இருப்பதால் அது சீக்கிரம் காயும். கறுப்பு நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். ஆகையால் அடியில் எண்ணெய் குறைந்த பூச்சு, மேலே போகப்போக எண்ணெய் கூடின பூச்சு. மாற்றிச் செய்தால் மேல்பூச்சு வெடித்துவிடும். அவசரக்காரனுக்கு இந்தத் தொழில் உதவாது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கடைக்குப் பூட்டு போட்டபிறகுதான் எனக்கு அந்தப் பொறுமை வந்தது. வேறு வழியும் இல்லை.

சுவரில் கற்றது இரண்டு. ஒன்று, சன்னல் இருக்கிறது, ஆனால் வெளிச்சம் அதன் வழியாக வரவில்லை. எண்ணெயில் ஊறிய தாளை ஒட்டியதுபோல் சன்னல் மங்கிக் கிடக்கிறது. வெளிச்சம் வலப்பக்கம் மேலேயிருந்து வருகிறது. சிற்றாலயத்தில் நிற்கிறவர்களுக்கு அந்தப் பக்கம்தான் பலிபீடமும் அதன் மேலே நிஜ சன்னலும் இருக்கின்றன. புத்தகத்துத் தாளிலிருந்து மட்டும் படியெடுத்திருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்காது. இரண்டு, அந்த மங்கின சன்னலின் சட்டம் சிலுவை வடிவம்; அதற்கு நேர் கீழேதான் இயேசுவின் கை. கட்டக்கோடு போட்டவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நீட்டிய கை

சுவரை விடக் கஷ்டம் அந்தக் கை. ஒன்பது தடவை துடைத்தேன். நான் வரைந்த கை ஒவ்வொரு தடவையும் கடையில் வேலையாளைக் கூப்பிடுகிற கையாகவே வந்தது. விரல் விறைத்து, மணிக்கட்டு நேராகி, ‘டேய், இங்கே வா’ என்றது. மாஸ்டர் பார்த்துவிட்டு, “உங்கள் இயேசு பாக்கி வசூலிக்க வந்திருக்கிறாரே!” என்றார்.

பிறகு அவரே மைக்கேலாஞ்சலோவின் சிஸ்டைன் கூரை ஓவியப் படத்தை (1508–1512) எடுத்து வைத்தார். ஆதாம் படைக்கப்படும் காட்சியில் இறைவனின் கை உறுதியாக நீண்டிருக்கிறது. ஆதாமின் கை தளர்ந்து தொங்குகிறது. கரவாஜியோ இயேசுவுக்குக் கொடுத்தது இறைவனின் கையை அல்ல, ஆதாமின் கையை! கட்டளையிடுகிற கை இல்லை; வாங்கிக்கொள்கிற கை. மணிக்கட்டைத் தளரவிட்டு, ஆள்காட்டி விரலைக் கொஞ்சம் மடங்கவிட்டபோதுதான் படி மூலத்தின் பக்கத்தில் வந்தது. இந்த ஒப்புமையை அறிஞர்கள் எப்போதோ எழுதிவிட்டார்கள், நானும் படித்திருந்தேன். படித்தது கைக்கு வந்து சேர ஒன்பது தடவை துடைக்க வேண்டியிருந்தது.

இயேசுவின் உடம்பில் தலையும் கையும்தான் தெளிவாகத் தெரிகின்றன. மீதியைப் பேதுருவின் முதுகு மறைக்கிறது. பேதுரு முதலில் இல்லை, பிற்பாடு சேர்க்கப்பட்டவர் என்று எக்ஸ்ரே காட்டியிருக்கிறது. அந்த முதுகு படத்தில் ஓர் இடைஞ்சல் என்றுதான் நெடுநாள் நினைத்தேன். அங்கியின் மடிப்புகள் குழம்பிக் கிடக்கின்றன. இன்றும் அந்த இடத்தை அவருடைய சிறந்த வேலை என்று சொல்லமாட்டேன். சோதனைக்காக ஒரு சின்னத் தாளில் பேதுரு இல்லாமல் இயேசுவை முழுசாக வரைந்து பார்த்தேன். அறையே அவருடையதாகிவிட்டது. அழைப்பு உத்தரவாகிவிட்டது. பேதுருவைத் திரும்ப வைத்ததும் அது மறுக்கக்கூடிய அழைப்பாயிற்று. பாதங்களைப் பாருங்கள்: இயேசுவின் கால்கள் வெளியே போகத் திரும்பிவிட்டன. வந்தால் வா, நான் போய்க்கொண்டிருக்கிறேன் என்கிற கால்கள்.

மத்தேயு யார்?

இனி அறிஞர்களின் வழக்குக்கு வருவோம். 1672-இல் கரவாஜியோவின் வரலாற்றை எழுதிய பெல்லோரி, எண்ணுவதை நிறுத்திவிட்டு நெஞ்சருகே ஒரு கையோடு ஆண்டவர் பக்கம் திரும்புகிறவரே மத்தேயு என்றார். அதாவது தாடிக்காரர். முந்நூறு வருஷம் எல்லாரும் அதை ஒப்புக்கொண்டார்கள். 1980-களிலிருந்து சில ஆய்வாளர்கள் மாற்றிச் சொல்கிறார்கள்: தாடிக்காரர் தம்மைச் சுட்டவில்லை, கோடியில் குனிந்திருக்கும் இளைஞனைச் சுட்டி ‘இவனையா?’ என்கிறார், அந்த இளைஞன்தான் மத்தேயு, அடுத்த கணம் நிமிரப் போகிறான் என்கிறார்கள். அழகான வாதம். எனக்கும் முதலில் அதுவே பிடித்திருந்தது.

விரலை நான் இரண்டு விதமாகவும் வரைந்து பார்த்தேன். நுனியை ஒரு மயிரிழை இந்தப் பக்கம் நகர்த்தினால் நெஞ்சுக்குப் போகிறது; அந்தப் பக்கம் நகர்த்தினால் பக்கத்து ஆளுக்குப் போகிறது. ஏடுகளில் ஒரு புள்ளியால் பொருள் மாறுமே, அந்த மாதிரி. ஆகவே விரலை மட்டும் வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது என்பது என் கட்சி.

ஆனால் தாடிக்காரருக்கு இன்னொரு கை இருக்கிறது. அது மேசைமேல், காசுகளின் பக்கத்தில் கிடக்கிறது. இங்கே ஒரு வியாபாரியின் சாட்சியத்தையும் அறிஞர்கள் எடுத்துக்கொள்ளலாம். பணம் எண்ணுகிற மேசையில் யார் யார் எப்படி உட்காருவார்கள் என்பது எனக்குத் தெரியும். தாடிக்காரர் வரி கட்ட வந்தவர், எண்ணுகிறவனே ஆயக்காரன் என்று சிலர் சொல்கிறார்கள். பணம் கட்ட வந்தவன் கண் எண்ணுகிறவன் விரலை விட்டு நகரவே நகராது. கடையில் தீப்பிடித்தாலும் நகராது. தாடிக்காரர் கண்ணை எடுத்துவிட்டார். எண்ணுவது குமாஸ்தா, சரிபார்ப்பது கண்ணாடிக் கிழவர், நடுவில் உட்கார்ந்து கையைக் காசுப் பக்கத்தில் போட்டிருப்பவர் முதலாளி. முதலாளி எண்ணமாட்டார், ஆனால் கை அங்கேதான் இருக்கும். கூப்பிட வேண்டியவரும் அவர்தான். அதே சிற்றாலயத்தின் மற்ற ஓவியங்களில் வரும் மத்தேயுவும் தாடி வைத்த, வயதான மனிதரே. எனவே பெல்லோரி சொன்னதே சரி என்று முடிவு செய்கிறேன்.

இன்னொன்று. கர்தினால் விட்டுச்சென்ற குறிப்புகளின்படி, மத்தேயு மேசையிலிருந்து எழுந்து வருவதாகக் காட்ட வேண்டும். கரவாஜியோ எழுப்பவில்லை. உட்கார்ந்தபடியே விட்டுவிட்டார். ஒரு கை நெஞ்சுப் பக்கம், ஒரு கை காசுப் பக்கம். இதை ஒப்பந்த மீறல் என்று சொல்லலாம். எனக்கு இதுதான் அந்த ஓவியத்தின் உயிர்நிலை என்று படுகிறது. எழுந்து போனது எல்லாருக்கும் தெரிந்த கதை. எழுவதற்கு முந்தின கணம் எவ்வளவு நீளம் என்பது மேசையில் உட்கார்ந்தவனுக்கு மட்டும் தெரியும்.

முடிவாக

எங்கள் இல்லற விரதங்களில் ஐந்தாவது, மிகுபொருள் விரும்பாமை. இவ்வளவு போதும் என்று ஒரு வரம்பு கட்டிக்கொள்வது. அறுபது நிறைந்த அன்று, கோயிலில் வைத்து, கடையை மகனிடம் ஒப்படைத்துவிடுகிறேன் என்று என் மனைவிக்கு வாக்குக் கொடுத்தேன். இப்போது எனக்கு 67. படம் 2021-இல் முடிந்து கூடத்தில் மாட்டியாகிவிட்டது. மாட்டிய அன்று அவள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்:

“ஏங்க, அந்தத் தாடிக்காரர் இன்னும் எந்திரிக்கவே இல்லையே?”

“படத்துல எப்படி எந்திரிப்பாரு?” என்றேன்.

“நான் படத்தைச் சொல்லல.”

இந்தத் தீபாவளிக்குப் புதுக்கணக்கை மகன் கையால் எழுதச் சொல்லியிருக்கிறேன். கல்லாச் சாவி இன்னும் என் இடுப்பில்தான் இருக்கிறது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். எதையாவது ஒன்றைக் கையால் முழுசாகப் படியெடுத்துப் பாருங்கள். ஒரு பாடலோ, கோலமோ, ஓவியமோ, தாத்தாவின் பழைய கடிதமோ எதுவானாலும் சரி. செல்போனில் ஒரு நொடியில் படம் பிடித்துவிடலாம். அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் கை தவறுகிற இடம் போனில் தெரியாது. நான் கறுப்பைப் பூசிய இடமும் விரலை விறைக்க வைத்த இடமும் கரவாஜியோவின் தவறுகள் இல்லை, என்னுடையவை. என்னைப் பற்றி எனக்கு அவை சொன்னதை அறுபது வருஷமாக வேறு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கல்லாவில் குனிந்திருந்திருப்பேன்.